சலைன் மார்பக இம்ப்ளான்ட்: மருத்துவரைத் தேடுவதிலிருந்து மலைக்குத் திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

மார்புக்குள் உப்புநீர்ப் பை வைக்கும் இந்தச் சிகிச்சைக்காகக் குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கியவர்களில் இதுவரை ஐந்து பேருக்கு அட்டெண்டராக இருந்திருக்கிறேன். முதல் ஆள் என் அக்கா. புற்றுநோயால் வலது மார்பகத்தை எடுத்த பிறகு மறுசீரமைப்புக்காகப் போனோம். மற்ற நால்வரும் வாய்மொழியாகக் கேள்விப்பட்டு, “உங்க அக்காவுக்கு எங்கே செஞ்சீங்க?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டு வந்தவர்கள். நான் மருத்துவர் இல்லை. எந்த இடத்தில் எல்லோரும் இடறுகிறார்கள் என்பதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

இடறுவது பெரும்பாலும் வரிசையில். முதலில் விலை கேட்கிறார்கள், அப்புறம் அளவு, அப்புறம் தேதி. கத்தி பிடிக்கப்போகிறவர் யார் என்ற கேள்வி கடைசியில் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. கீழே உள்ள வரிசையில் அந்தக் கேள்வி முன்னால் வரும், அளவும் விலையும் தேதியும் அதற்குப் பிறகுதான்.

1. இறங்கும் முன் தயாராக வேண்டியவை

ஒரு ஃபைல் போடுங்கள். பழைய ஸ்கேன், பயாப்ஸி முடிவு, முந்தைய அறுவைகளின் டிஸ்சார்ஜ் சீட்டு, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். 40 வயது தாண்டியிருந்தால் புதிதாக ஒரு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேண்டும். இம்ப்ளான்ட் வைத்த பிறகு படத்தில் சில பகுதிகள் மறையும். வைக்கும் முன் எப்படி இருந்தது என்று ஒப்பிட ஒரு படம் கையில் இருப்பது நல்லது.

சாப்பிடும் மருந்துகளை எல்லாம் எழுதுங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து என்று எதையும் விடாதீர்கள். இவற்றில் பல ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் திடீரென்று நிறுத்துவது வேறு ஆபத்து.

புகைபிடிப்பது, புகையிலை போடுவது இரண்டையும் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தையல் ஆறாது. வெற்றிலையோடு போடும் புகையிலை கணக்கில் வராது என்று ஒருவர் நினைத்திருந்தார். வரும்.

உண்மை தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். வீட்டில் “பித்தப்பைக் கல்” என்று சொல்லிவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும். ஊருக்கு எதைச் சொன்னாலும் சரி, இரவில் பக்கத்தில் படுப்பவருக்கு என்ன அறுவை என்று தெரிந்தே ஆக வேண்டும். மார்பு ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால், பித்தப்பை என்று நம்பியிருப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

2. காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

புற்றுநோய்க்குப் பின் மறுசீரமைப்பா, பிறவியிலேயே இருக்கும் ஏற்றத்தாழ்வா, அளவு கூட்டுவதா? இந்த ஒரு வரி பின்னால் வரும் பல விஷயங்களை மாற்றும்.

முதலாவது காப்பீடு. அழகுக்கான அறுவையை மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. அதனால் புற்றுநோய் ஃபைல் உள்ளவர்கள் பாலிசி எண்ணோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் மருத்துவமனையின் திட்ட மேசையில் விசாரிக்க வேண்டும். அரசுத் துறையில் இதெல்லாம் கிடைக்காது என்று தள்ளிவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சையை இலவசமாகவே 2018-ல் தொடங்கினார்கள்.

இரண்டாவது, நேரம். குழந்தை பெறும் எண்ணம் அண்மையில் இருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. கர்ப்பத்திலும் பாலூட்டலிலும் மார்பகத்தின் அளவு மாறும். பால் கொடுத்து முடித்தவர்கள் சில மாதம் பொறுத்தால்தான் உண்மையான வடிவம் தெரியும்.

3. சலைன் இம்ப்ளான்ட் என்றால் என்ன

வெளியே சிலிக்கான் ரப்பர் உறை, உள்ளே கிருமிநீக்கிய உப்புநீர். டிரிப்ஸில் ஏற்றுகிறார்களே, அதே 0.9 சதவீத உப்புநீர்தான். “சிலிக்கான் வேண்டாம், சலைன் போதும்” என்று வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உறை இரண்டிலும் சிலிக்கான்தான். மாறுவது உள்ளே இருப்பது மட்டும்.

பெரும்பாலும் காலி உறையைச் சுருட்டி உள்ளே வைத்து, அதன் வால்வு வழியாக உப்புநீரை நிரப்புவார்கள். சுருட்டி வைப்பதால் கீறல் சிறியதாக இருக்கும். இடது வலது இரண்டுக்கும் வேறுவேறு அளவு நிரப்பி மேசையிலேயே சமன் செய்யலாம். ஏற்றத்தாழ்வு உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி.

நிரப்பும் அளவுக்குத் தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். “கொஞ்சம் குறைச்சு நிரப்பினா மெத்துனு இருக்குமே டாக்டர்” என்று ஒருவர் கேட்டார். குறைத்தால் உறை மடியும். ஒரே இடத்தில் மடிந்து மடிந்து அங்கேயே விரிசல் விடும். மடித்து வைத்த பட்டுப் புடவை மடிப்பில்தான் கிழியும், அதே கதை.

கசிந்தால் என்ன ஆகும்? சலைனின் பெரிய நன்மையே இங்கேதான். சில மணி நேரத்திலோ சில நாளிலோ அந்தப் பக்கம் சப்பிப்போகும், கண்ணாடியில் தெரிந்துவிடும். உப்புநீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கான் ஜெல் உடைந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் ஜெல் வைத்தவர்கள் ஐந்தாறு வருடத்தில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். உடைந்ததைக் கண்டுபிடிக்க என்று சலைனுக்கு இந்தச் செலவு இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மலையிறங்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

குறை என்ன? தொட்டால் ஜெல் அளவுக்கு இயல்பாக இருக்காது. ஒல்லியானவர்களுக்கு, மூடியிருக்கும் சதை மெல்லியதாக இருந்தால், ஓரத்தில் அலை அலையாய் மடிப்பு தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். தசைக்கு அடியில் வைத்தால் ஓரளவு மறையும். மார்பகம் எடுத்தவர்களுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் தோல்தான், அதனால் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும். அக்காவுக்குத் தெரிகிறது. “குளிக்கும்போது நான்தானே பார்க்கிறேன்” என்பாள்.

இரண்டு வகைக்கும் பொதுவான சிக்கல்கள் உண்டு. இம்ப்ளான்டைச் சுற்றி உடல் ஒரு தழும்புச் சவ்வைக் கட்டும். அது இயல்பு. அது இறுகினால் மார்பு கெட்டியாகி, வடிவம் மாறி, வலிக்கும். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு இந்த இறுக்கம் வரும் வாய்ப்பு அதிகம். தொற்று, ரத்தக்கட்டு, முலைக்காம்பில் உணர்ச்சி குறைவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. அரிதாக, இம்ப்ளான்டைச் சுற்றிய சவ்வில் ஒரு வகை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், வரும். முக்கியமாகச் சொரசொரப்பான உறையோடு தொடர்புடையது அது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது இதனால்தான். உறை வழவழப்பா, சொரசொரப்பா என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் இருப்பது அல்ல. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் சிலிக்கான் ஜெல் வகைக்குச் சொன்ன கணக்குப்படி, அளவு கூட்டிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், மறுசீரமைப்பு செய்தவர்களில் இரண்டில் ஒருவருக்கும் பத்து வருடத்துக்குள் அதை அகற்ற வேண்டி வரலாம். ஆக, நீங்கள் தேடுவது ஒரு நாள் அறுவைக்கான ஆளை அல்ல. பத்து வருடம் கழித்தும் போய் நிற்கக்கூடிய ஆளை.

எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: “அக்கா, மலை ஏறும்போது வெடிச்சிடாதா?” மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வருவதற்குள் உப்பிவிடுவதைப் பார்த்து வந்த பயம் இது. பாக்கெட்டில் இருப்பது காற்று, இதில் இருப்பது நீர். உயரத்தில் காற்றுதான் விரியும். ஊட்டி 2,240 மீட்டர். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்து அழுத்தம்தான். இம்ப்ளான்ட் வைத்தவர்கள் விமானத்தில் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நிரப்பும்போது சிறு காற்றுக்குமிழி தங்கினால் சில நாள் களக் களக் என்று சத்தம் கேட்கலாம், தானாகக் கரைந்துவிடும்.

4. மருத்துவர்: பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள்

தேட வேண்டியது எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதே துறையில் டி.என்.பி. / டி.ஆர்.என்.பி. வழக்கமான பாதை எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.எஸ். பொது அறுவை, பிறகு மூன்று வருட எம்.சிஎச். எம்.பி.பி.எஸ். முடித்து நேராகச் சேரும் நீண்ட படிப்பும் உண்டு. எப்படியானாலும் ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்ற சொல் பட்டத்திலேயே இருக்க வேண்டும்.

பலகையில் ‘காஸ்மெடிக் சர்ஜன்’, ‘ஏஸ்தெடிக் நிபுணர்’ என்று இருந்தால் அது பட்டம் ஆகாது. எங்களோடு வந்த ஒரு பெண் ஏற்கெனவே ஓரிடத்தில் முன்பணம் கட்டியிருந்தாள். அங்கே சுவரில் இருந்தது சில மாதப் பயிற்சிச் சான்றிதழ். சட்டம் போட்டு, தங்க எழுத்தில், நன்றாகவே இருந்தது. முன்பணம் திரும்பி வரவில்லை.

சரிபார்ப்பது எளிது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரோ பதிவு எண்ணோ போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்கும். கூடுதல் பட்டம் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் நேரில் கேட்கலாம். கேட்டால் கோபிப்பாரோ என்று பயப்படாதீர்கள். இதற்குக் கோபிப்பவரிடம் நாளைக்கு “வீங்கியிருக்கு டாக்டர்” என்று எப்படிப் போன் செய்வீர்கள்?

பட்டம் வாசல்படிதான். உள்ளே போக அனுபவம் வேண்டும். கைக்காயம், தீக்காயம், உதட்டுப் பிளவு எல்லாமே பிளாஸ்டிக் சர்ஜரிதான். ஒருவர் அதில் கெட்டிக்காரராக இருந்து, வருடத்துக்கு இரண்டு மார்பகம் மட்டும் செய்பவராக இருக்கலாம். நம் ஊர்ப்பக்கம் பலருக்குக் கைப்பழக்கம் சிலிக்கான் ஜெல். அதனால் “நீங்கள் சலைன் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?” என்று தனியாகக் கேளுங்கள். “நான் ஜெல்தான் வைப்பேன், காரணம் இது” என்று நேராகச் சொல்பவர் நல்லவர். “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

5. அறுவை நடக்கும் இடம்

மருத்துவர் சரி, தியேட்டர் யாருடையது? முழு மயக்கம் கொடுக்கும் அறுவை இது. மயக்க மருத்துவர் கடைசி வரை கூடவே இருப்பாரா, ரத்தம் ஏற்பாடு செய்ய முடியுமா, ஐ.சி.யூ. உண்டா, இரவில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். ரத்தக்கட்டு பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில்தான் வரும். அப்போது திரும்பத் தியேட்டருக்குள் போக வேண்டும், காலை பத்து மணிக்கு ஓ.பி. திறக்கும் வரை காத்திருக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சான்றிதழ் அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. முதல் சந்திப்பு

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும், ஐந்து பேருக்கும் மறந்தது. கீறல் எங்கே: மார்பின் அடி மடிப்பிலா, காம்பைச் சுற்றியா, அக்குளிலா? தசைக்கு மேலா, கீழா? எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட், இறக்குமதி உரிம எண் பெட்டியில் இருக்குமா? இறுகினால், கசிந்தால் மறு அறுவையில் எந்தச் செலவு யாருடையது? நீங்கள் வெளியூர் போயிருந்தால் யார் பார்ப்பார்கள்?

மருத்துவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம். ஏன் வேண்டும் என்று கேட்க வேண்டும், அளவெடுக்க வேண்டும், கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையும் வைத்திருக்க வேண்டும். மறுசீரமைப்பு என்றால் வயிற்றுச் சதை, முதுகுச் சதை எடுத்துச் செய்யும் முறையையும், ஒன்றுமே செய்யாமல் உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலோசனை முழுவதையும் மருத்துவர் அல்லாத ‘கோ-ஆர்டினேட்டர்’ நடத்தி, கடைசியில் “இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி” என்றால் அது கடை.

அன்றைக்கே தேதி வாங்காதீர்கள். குறைந்தது இன்னொரு மருத்துவரையாவது பாருங்கள். கோவையில் ஒரே நாளில் இருவரைப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் ஏறிவிடலாம். கொடைக்கானல்காரர்கள் மதுரையில் அப்படிச் செய்யலாம்.

7. அளவு

சினிமா நடிகையின் படத்தைக் கொண்டுபோக வேண்டாம். மார்புக்கூட்டின் அகலமும் தோலின் இழுவையும்தான் அளவைத் தீர்மானிக்கும். எடையையும் யோசியுங்கள். உப்புநீர் 1 மில்லிலிட்டர் ஏறக்குறைய 1 கிராம். அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். 250 மில்லிலிட்டர் என்றால் அதில் பாதி, ஒவ்வொரு பக்கமும், நாள் முழுக்க. சிறு பிளாஸ்டிக் பையில் அரிசி நிறுத்துப் போட்டு, உள்ளாடைக்குள் வைத்து, ஒரு நாள் வீட்டு வேலை செய்து பார்க்கலாம். மார்க்கெட்டுக்கு ஒரு முறை படியேறி இறங்கினால் ஆசை எவ்வளவு, தேவை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

8. எஸ்டிமேட்

எழுத்தில் வாங்குங்கள். அறுவைக் கட்டணம், மயக்க மருத்துவர், தியேட்டர், அறை, இம்ப்ளான்ட் விலை, அழுத்த உள்ளாடை, பரிசோதனைகள், மறுவருகை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். அழகுக்கான அறுவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதோடு மாற்று அறுவைக்கென்று ஒரு தொகையை இப்போதே ஒதுக்குங்கள். இரண்டாம் முறைக்குப் பணமே இருக்காது என்றால் முதல் முறையைத் தள்ளிவைப்பதே என் கருத்து.

9. தேதி: மழையும் மலைச்சாலையும்

அக்டோபர், நவம்பரில் பர்லியாறு பக்கம் மண்சரிவு வரும். ஏப்ரல், மே சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள், அதிலும் நெரிசல். இந்த இரண்டையும் தவிர்த்தால் பாதிக் கவலை போகும். ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் எங்களுக்கு ஒத்துவந்தன.

அறுவை முடிந்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பினாலும் மலையேறாதீர்கள். முதல் கட்டுப் பிரிக்கும் வரை, நீர் வடியக் குழாய் (டிரெய்ன்) வைத்திருந்தால் அதை எடுக்கும் வரை, கீழேயே தங்குங்கள். ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். உறவினர் வீடு நல்லது. ஒருவர் மூன்றாம் நாளே ஏறிவிட்டார், அன்றிரவே மரம் விழுந்து சாலை அடைபட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவு முழுக்கக் காய்ச்சல்மானியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்.

மறுசீரமைப்பு செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. முதலில் விரிவாக்கிப் பை வைத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி வழியாக உப்புநீர் ஏற்றி, தோலை விரித்து, பிறகே நிரந்தர இம்ப்ளான்ட் வைப்பது வழக்கம். அக்காவுக்காக ஏழு முறை இறங்கினோம். அத்தனை பயணத்துக்கும் ஆளும் வண்டியும் இருக்கிறதா என்று முதலிலேயே எண்ணுங்கள். இந்தப் பைகளில் சிலவற்றில் காந்தம் இருக்கும். அது உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக்கூடாது.

திரும்பும்போது பஸ் வேண்டாம். காரில் முன் சீட், சாய்த்து, சீட் பெல்ட்டுக்கு அடியில் சிறு தலையணை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவர் மருத்துவரிடம் முன்பே மாத்திரை கேளுங்கள். வாந்தி எடுக்கும் இழுப்பு தையலில் போய்ப் பிடிக்கும்.

10. அறுவை நாளும் அட்டையும்

அன்று உங்கள் வேலை கொஞ்சம்தான். நகையும் நகப்பூச்சும் வேண்டாம், சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு. நிற்க வைத்துத் தோலில் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு நகர்ந்துவிடும் என்பதால் கோடு போட்ட பிறகே மயக்கம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்ப்ளான்ட் அட்டை இல்லாமல் வெளியே வராதீர்கள். நிறுவனம், மாடல், வரிசை எண், லாட் எண் இருக்க வேண்டும். சலைனுக்குக் கூடுதலாக ஒன்று: எந்தப் பக்கம் எத்தனை மில்லிலிட்டர் நிரப்பினார்கள் என்பது.

11. வீட்டுக்கு வந்த பிறகு

முதுகை உயர்த்தி மல்லாந்து படுங்கள், தினமும் கொஞ்சம் நடங்கள். நடந்தால்தான் காலில் ரத்தம் உறையாது. ஆறு வாரம் வரை கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், குழந்தை எதையும் தூக்கக்கூடாது. தேயிலை பறிப்பவர்கள் பை மாட்டவும் கூடாது, கத்தரி பிடிக்கவும் கூடாது. எஸ்டேட்டில் காட்டுவதற்கு விடுப்புக் கடிதத்தை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டர் வேண்டாம், முன்னால் பொத்தான் உள்ளது போதும். கை தூக்கினால் வலிக்கும்.

கீழே உள்ள மருத்துவர்கள் சொல்ல மறப்பது ஒன்று இருக்கிறது: வெந்நீர்ப் பை. குளிருக்கு மார்போடு அணைத்துப் படுப்பது நமக்குப் பழக்கம். அறுவை செய்த தோல் மரத்திருக்கும், சூடு தெரியாது. கோத்தகிரிப் பெண் ஒருத்தி காலையில் எழுந்தபோதுதான் கொப்புளத்தைப் பார்த்தாள். வலியே இல்லை என்றாள். கம்பளியைக் கூட்டிக்கொள்ளுங்கள், வெந்நீர்ப் பையைக் காலடியில் வையுங்கள். கரி அடுப்பின் முன் உட்காருவதும் தள்ளியே.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் வீக்கம், சிவப்பு, சீழ், தையல் பிரிவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் கோவை வரை யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டோடு பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

12. வருடங்கள் கழித்து

மாமோகிராம் எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருப்பதை முன்பே சொல்லுங்கள். அதைத் தள்ளிவைத்துக் கூடுதல் கோணங்களில் எடுப்பார்கள். பல வருடம் கழித்துக் காரணமில்லாமல் ஒரு பக்கம் வீங்கினாலோ கட்டி தட்டுப்பட்டாலோ, “குளிர்ல அப்படித்தான்” என்று விடாமல் காட்டுங்கள். மேலே சொன்ன லிம்போமா பெரும்பாலும் அப்படித்தான் வெளிப்படும்.

ஒரு நாள் ஒரு பக்கம் சப்பிப்போனால் பயந்து நடுராத்திரியில் மலையிறங்க வேண்டாம், ஆபத்து இல்லை. ஆனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றும் விடக்கூடாது. காலி உறையைச் சுற்றிய சவ்வு சுருங்க ஆரம்பித்துவிடும், மாற்றுவது கடினமாகும். அந்த வாரத்திலேயே அட்டையோடு போங்கள். புதியதை எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று சர்ஜன் முதலில் பார்ப்பது அதில் உள்ள மில்லிலிட்டர் கணக்கைத்தான். அக்கா அட்டையை ரேஷன் கார்டுக்குள் செருகி வைத்திருக்கிறாள், நான் அதைப் படமெடுத்து என் போனிலும் வைத்திருக்கிறேன்.